தி.நகருக்கு வண்டி வேண்டாம், ரிட்டர்ன் டிக்கெட் போதும்

நங்கநல்லூர் பக்கம் இருப்பவர்கள் தி.நகர் போகும்போது வண்டியைப் பழவந்தாங்கல் ஸ்டேஷனிலேயே நிறுத்திவிட்டு மின்சார ரயில் ஏறுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே மாம்பலத்துக்குப் போக, வர சேர்த்து ரிட்டர்ன் வாங்கிவிடுங்கள்.

நடுவில் பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை என்று மூன்றே ஸ்டேஷன்கள்தான். இரண்டாம் வகுப்பில் போக 5 ரூபாய், வர 5 ரூபாய். உஸ்மான் ரோட்டில் வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றும் பெட்ரோலுக்கே அதைவிட அதிகம் ஆகும். மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெரு வாசலிலேயே இருக்கிறது. நெரிசல் பிடிக்காதவர்கள் 2023-ல் திறந்த ஆகாய நடைபாதையில் ஏறி, தலைக்கு மேலேயே பேருந்து நிலையம் வரை போய்விடலாம். ரிட்டர்னின் அருமை சாயந்திரம்தான் தெரியும்: கை நிறையப் பைகளோடு மாம்பலம் கவுன்ட்டர் வரிசையில் நிற்க வேண்டாம், நேரே பிளாட்பாரம்தான்.

மிக்ஸி, கிரைண்டர் மாதிரி கனமான சாமான் வாங்குவதாக இருந்தால் இது சரிப்படாது. பாண்டி பஜாருக்கு மட்டும் போகிறவர்களுக்கும் நடை கொஞ்சம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு, பராமரிப்பு வேலை என்று சிலவற்றை ரத்தும் செய்வார்கள். கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம்? ரயிலோ காரோ, எதில் போனாலும் ஒரே கதைதான்.