புது பில்லிங் சிஸ்டம் தேறுமா? கவுன்ட்டரில் நின்றே சோதிக்கும் முறை

தி.நகர் ஜவுளிக்கடையோ பாரிமுனை மொத்த வியாபாரமோ, புதிதாக பில்லிங், ஸ்டாக் மென்பொருள் போட்டதும் சாஃப்ட்வேர்காரர் வேலை முடிந்தது என்று கையெழுத்துக் கேட்பார். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் கீழே உள்ளவற்றைச் செய்துவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் எதையும் அளக்காதீர்கள்; ஆட்கள் பழகும் நேரம் அது. ஒரு மாதக் கணக்கு முடிப்பும் ஒரு ஜிஎஸ்டி தாக்கலும் புது சிஸ்டத்தில் நடந்திருக்க வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு ஜிஎஸ்டிஆர்-1க்கு (விற்பனை விவரம்) அடுத்த மாதம் 11ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பிக்கு (வரி கட்டும் சுருக்கக் கணக்கு) 20ஆம் தேதி. ஆக, ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத் தொடங்கலாம்.

படி 1: எதற்காக வாங்கினோம்?
‘பில் சீக்கிரம் போட’ என்பதை அளக்க முடியாது. ‘10 உருப்படி உள்ள பில் 2 நிமிடத்துக்குள்’ என்றால் முடியும். பழைய வேகம் தெரியாவிட்டால், பழைய பில்களில் அச்சான நேரத்தைப் பார்த்து, கூட்டமான ஒரு மணி நேரத்தில் ஒரு கவுன்ட்டரில் எத்தனை பில் விழுந்தது என்று எண்ணுங்கள்.

படி 2: நேரம் பிடிப்பது
ஞாயிறு மாலை, கடை நெரியும்போது, முதல் ஸ்கேனிலிருந்து பில் கையில் வரும்வரை 30 பில்களுக்கு நேரம் குறியுங்கள். சராசரி போடாதீர்கள், இரண்டு மூன்று இழுபறி பில்களை அது மூடி மறைத்துவிடும். குறைவிலிருந்து கூடுதலாக வரிசைப்படுத்தி 15ஆவதையும் 27ஆவதையும் பாருங்கள். 27ஆவது, 15ஆவதைப் போல மும்மடங்கு என்றால் எங்கோ சிக்கல். மங்கலான பார்கோடாக இருக்கலாம், யுபிஐ பணம் வந்தது உறுதியாகும்வரை காத்திருப்பதாக இருக்கலாம். பலரும் யோசிக்காதது ஒன்று உண்டு: மாடியில் கணக்கர் அதே சர்வரில் ஸ்டாக் ரிப்போர்ட் ஓட்டிக்கொண்டிருப்பார். அரை மணி நேரம் ரிப்போர்ட் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி அளந்தால் தெரிந்துவிடும்.

படி 3: சரக்கு
திரையில் உள்ள 20 உருப்படிகளை அலமாரியில் தேடுங்கள். பிறகு அலமாரியிலிருந்து வேறு 20ஐ எடுத்துத் திரையில் தேடுங்கள். முதலாவது, கணக்கில் இருந்து கையில் இல்லாததைக் காட்டும்; பதிவே ஆகாத சரக்கு இரண்டாவதில்தான் அகப்படும். மருந்து என்றால் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் சேர்த்து.

படி 4: பழைய தரவு
மொத்தப் பாக்கித் தொகை ஒத்துப்போவதை நம்பி விடாதீர்கள். ஒருவர் பாக்கி இன்னொருவர் தலையில் ஏறினாலும் மொத்தம் மாறாது. 25 வாடிக்கையாளர் கணக்குகளைத் தனித்தனியே பாருங்கள். ‘ஆர். குமார்’, ‘குமார் ஆர்’ என்று ஒரே ஆள் இரண்டாகியிருப்பார். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பெயர்களை யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றியிருந்தால் கிறுக்கலாக வரும், தேடினாலும் கிடைக்காது.

படி 5: பயன்படுத்துபவர்கள்
முதலாளி எதிரில் கேட்டால் எல்லோரும் ‘நல்லாருக்கு சார்’ என்பார்கள். அதனால் பெயர் எழுதாத தாள் கொடுங்கள். 1986இல் ஜான் புரூக் உருவாக்கிய எஸ்யுஎஸ் (System Usability Scale, பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளப்பது) என்ற பத்துக் கேள்வித் தாள் போதும், தமிழில் எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒற்றைப்படைக் கேள்வி பாராட்டும், இரட்டைப்படை குறை சொல்லும். ஒற்றைப்படையில் 1 கழிக்கவும், இரட்டைப்படை மதிப்பெண்ணை 5இலிருந்து கழிக்கவும், கூட்டி 2.5ஆல் பெருக்கவும். 100க்கு 68 என்பது நடுத்தரம், சதவீதம் அல்ல.

அதைவிட நல்ல சாட்சி, கல்லாவுக்கு அடியில் இருக்கும் நோட்டுப் புத்தகம். அதில் இன்னும் என்ன எழுதுகிறார்களோ, அதுதான் சிஸ்டம் செய்யாத வேலை. சேல்ஸ் ரிட்டர்ன், பாதி முன்பணம், தையலுக்குப் போன துணி என்று ஏதாவது இருக்கும். நோட்டைப் பிடுங்காதீர்கள், நகலெடுங்கள்.

படி 6: பேக்கப், பாஸ்வேர்டு
நேற்றைய பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, கடைசி பில் எண்ணும் அன்றைய மொத்தமும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஏற்ற எவ்வளவு நேரமானது என்பதையும் குறியுங்கள். சர்வர் படுத்தால் கடை அவ்வளவு நேரம் காத்திருக்கும். வேலையை விட்டுப் போனவர்களின் லாகின் இன்னும் திறக்கிறதா, பில்லை ரத்து செய்தவர் பெயர் பதிவாகிறதா என்பதும் இதில் சேரும்.

கண்ட குறைகளை பில் எண், ஸ்கிரீன்ஷாட்டுடன் எழுதி, யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வது என்று சாஃப்ட்வேர்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். சரியானதும் இன்னொரு ஞாயிறு மாலை, அதே நேரத்தில் படி 2ஐயும் 3ஐயும் மட்டும் திரும்பச் செய்தால் போதும்.