தொட்டி மண்: வேருக்குக் காற்று விடும் கலவை

தொட்டிச் செடி வாடினால் தண்ணீர் போதவில்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் தண்ணீர் தேங்கி, காற்று கிடைக்காமல் வேர் அழுகிய செடியும் அதே மாதிரிதான் வாடி நிற்கும். அதற்கு மேலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது. எனவே தொட்டி மண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது சத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், தண்ணீர் வடிந்த பிறகு அதில் எவ்வளவு காற்று மிஞ்சுகிறது என்று பாருங்கள். சத்தைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். செடி நட்டபின் காற்றைக் கொடுக்க முடியாது.

தரையில் நன்றாக வளரும் செடியை அதே மண்ணோடு தொட்டிக்கு மாற்றினால் ஏன் திணறுகிறது? தரையில் ஊற்றும் தண்ணீரைக் கீழே இருக்கும் மண் தொடர்ந்து இழுத்துக்கொள்ளும். தொட்டியில் அடித்தட்டோடு மண் முடிந்துவிடுவதால் கீழிருந்து இழுக்க எதுவும் இல்லை. துளை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், வடிந்து முடிந்த பின்னும் அடியில் ஒரு பட்டை மண் சொதசொதவென்றே இருக்கும். அந்தப் பட்டையின் உயரத்தைத் தீர்மானிப்பது மண் துகளின் அளவு. தொட்டியின் உயரம் அல்ல. துகள் நுண்ணியதாக இருந்தால் பட்டை உயரும். பத்து செ.மீ. ஆழத் தொட்டியிலும் முப்பது செ.மீ. ஆழத் தொட்டியிலும் ஒரே மண்ணைப் போட்டால் இரண்டிலும் ஒரே உயரத்துக்குத்தான் ஈரம் தேங்கும். ஆழமில்லாத தொட்டியில் வேருக்கு மிஞ்சும் இடம் அதனால் மிகக் குறைவு; அதற்குப் பருமனான கலவை வேண்டும்.

அடியில் கூழாங்கல்லோ ஓட்டுத் துண்டோ பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல் இடுக்குக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. ஈரப் பட்டை கல்லுக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் நெருக்கமாக வந்து நிற்கும். துளை வழியே மண் ஒழுகாமல் இருக்க ஒரு துண்டு நைலான் வலையோ ஒரு பிடி தேங்காய் நாரோ போதும்.

கலவைப் பொருட்கள்

தோட்டத்து மண்ணைத் தனியாக ஒருபோதும் தொட்டியில் நிரப்ப வேண்டாம். தண்ணீர் ஊற்ற ஊற்ற இறுகிக் கட்டியாகிவிடும். கலவையில் ஒரு பங்காகச் சேர்க்கலாம். சேர்க்கும் முன் அது எப்படிப்பட்ட மண் என்று பாருங்கள். கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாளும் தண்ணீரைக் கலங்கலாக வைத்திருப்பது களி. களிப் படிவம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் அந்த மண் தொட்டிக்கு வேண்டாம்.

தென்னை நார்க்கழிவு, அதாவது கோகோபீட், ஈரத்தைப் பிடித்து வைக்கும், எடையும் குறைவு. 5 கிலோ கட்டி ஊறினால் ஏறக்குறைய 60 முதல் 75 லிட்டர் வரை வரும். இதில் கவனிக்க வேண்டியது உப்பு. கழுவாத நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் கூடுதலாக இருக்கும். இலை நுனி கருகுவதற்கு இதுவே காரணமாகலாம். ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை மாற்றி மூன்று முறை கழுவுங்கள். கழுவினாலும் துகளோடு ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் முழுவதும் போகாது. அதற்குப் பத்து லிட்டர் தண்ணீரில் 20 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, ஓர் இரவு ஊறவைத்து, மீண்டும் அலசுங்கள். கோகோபீட்டில் சத்து மிகக் குறைவு என்பதையும் மறக்க வேண்டாம்.

மண்புழு உரமும் நன்கு மக்கிய தொழு உரமும் மொத்தக் கலவையில் அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு வரை போதும். அதற்கு மேல் போனால் கலவை குழைந்து அமுங்கும். சூடாகவோ நாற்றமாகவோ இருக்கும் உரம் இன்னும் மக்கவில்லை, வேரைக் கருக்கிவிடும். மக்காத மரத்தூளும் கூடாது. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் அடி இலைகள் வெளுக்கும்.

காற்று இடத்தை உண்டாக்குவது பெர்லைட் (எரிமலைக் கல்லைச் சூட்டில் பொரித்த லேசான வெள்ளைத் துகள்), நுரைக்கல் (பியூமிஸ்), பருமணல் போன்றவை. மணலில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பொடி மணல் இடுக்குகளை அடைத்து, கலவையை முன்னைவிட மோசமாக்கும். 2 மி.மீ. சல்லடையில் சலித்து மேலே நிற்பதை எடுத்து, தூசி போகக் கழுவிச் சேருங்கள். கடல் மணலில் உப்பு இருக்கும், தொட வேண்டாம்.

எந்தச் செடிக்கு எது

எல்லா அளவும் கொள்ளளவில், எடையில் அல்ல.

- பூச்செடி, காய்கறி: தோட்டத்து மண் 2, கோகோபீட் 2, மண்புழு உரம் 1½, பருமணல் அல்லது பெர்லைட் 1
- வீட்டுக்குள் வைக்கும் இலைச் செடி: கோகோபீட் 4, பெர்லைட் 2, மண்புழு உரம் 2
- கள்ளி, சதைப்பற்றுச் செடி: பருமணல் அல்லது நுரைக்கல் 5, தோட்டத்து மண் 2, மக்கிய உரம் 1
- நாற்று: கோகோபீட் 3, சலித்த மண்புழு உரம் 1, பெர்லைட் 1

மரத்தில் ஒட்டி வளரும் வகை ஆர்க்கிட்டுக்கு மண்ணே வேண்டாம். கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் போதும்.

30 செ.மீ. விட்டமும் அதே உயரமும் உள்ள தொட்டிக்குச் சுமார் 16 முதல் 18 லிட்டர் கலவை பிடிக்கும். சிறு துகள் பெருந்துகளின் இடுக்கில் இறங்கிவிடுவதால், பத்து லிட்டர் பொருட்களைக் கலந்தால் ஒன்பது லிட்டரே மிஞ்சும். அதற்கேற்பக் கூடுதலாக எடுங்கள். லேசாக ஈரப்படுத்திக் கலப்பது நல்லது. கையில் பிடித்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

காற்றை அளந்து பார்ப்பது

கலவை சரியா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது, அளந்துவிடலாம். அடியில் துளையுள்ள ஒரு லிட்டர் பாத்திரத்தின் துளைகளை டேப் ஒட்டி அடையுங்கள். ஈரக் கலவையை விளிம்பு வரை நிரப்பி, மூன்று முறை தரையில் தட்டி, இறங்கியதை நிரப்புங்கள். மேற்பரப்பு பளபளக்கும் வரை மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, குமிழி வருவது நிற்கும்வரை காத்திருந்து மறுபடி ஊற்றுங்கள். பிறகு டேப்பை எடுத்துவிட்டு, அரை மணி நேரத்தில் வடியும் தண்ணீரைப் பிடித்து அளங்கள். அந்தத் தண்ணீர் விட்டுப்போன இடம்தான் காற்றுக்குக் கிடைக்கும் இடம். 100 மி.லி.க்குக் கீழே என்றால் கலவை இறுக்கம், பெர்லைட்டைக் கூட்டுங்கள். 150 முதல் 250 வரை பெரும்பாலான செடிகளுக்கு ஏற்றது. கள்ளிக்கு 250-ஐத் தாண்டலாம். உயரமான பாத்திரத்தில் எண் கூடுதலாக வரும் என்பதால் எப்போதும் ஒரே பாத்திரத்தில் அளங்கள்.

நட்ட பிறகு

பழைய தொட்டியைவிட 3 முதல் 5 செ.மீ. மட்டும் அகலமான தொட்டிக்கு மாற்றுங்கள். சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் காயாமல் கிடந்து அழுகலைக் கொண்டுவரும். மேலே 3 செ.மீ. இடம் விடுங்கள், மண்ணை அமுக்கிக் குத்த வேண்டாம்.

தண்ணீர் ஊற்றும்போது பத்தில் ஒரு பங்காவது துளை வழியே வெளியேற வேண்டும். தட்டில் சேர்வதை உடனே கொட்டிவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக மேலாக நனைத்துக்கொண்டே இருந்தால் உரத்தின் உப்பும் தண்ணீரின் உப்பும் உள்ளேயே தங்கும். மண்மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் பூத்திருப்பதும், இலை நுனி காய்வதும் அதன் அடையாளம். அப்போது தொட்டிக் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை, மூன்று நான்கு தவணையாக ஊற்றி வடிய விடுங்கள்.

தண்ணீர் ஊற்றியவுடன் ஓரமாக ஓடி வெளியேறிவிட்டால் வடிகால் நன்றாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். நன்றாகக் காய்ந்த கலவை சுருங்கி, தொட்டிச் சுவரிலிருந்து விலகி நிற்கிறது. நடுவேர் நனையவே இல்லை. தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் பாதி உயரம் வரை அரை மணி நேரம் இறக்கிவைத்தால் மீண்டும் ஈரம் பிடிக்கும்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியவில்லை. கடின நீர் தொடர்ந்து ஊற்றுவதால் கலவையின் அமில காரநிலை (pH) 7-ஐத் தாண்டியிருக்கலாம். தொட்டிக் கலவைக்கு 5.5 முதல் 6.5 வரை நல்லது. இட்லிப்பூ இதில் சீக்கிரம் அகப்படும். கடையில் கிடைக்கும் இரும்பு உரத்தில் இ.டி.டி.ஏ. (EDTA) வகை அந்தக் கார நிலையில் நிலைக்காது, இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகையைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தபோது மழைநீர் ஊற்றுங்கள்.

மண்மேல் சிறு கருப்புக் கொசுக்கள் பறந்தால் மேல்மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று பொருள். மேலே 3 செ.மீ. காய்ந்த பிறகே ஊற்றுங்கள்.

மக்கிய பொருள் சிதையச் சிதைய மண் இறங்கும், காற்றிடம் குறையும். மேலே உரம் போட்டு மட்டத்தைச் சரிசெய்வதால் அடியில் இறுகியது இளகாது. ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செடியை வெளியே எடுத்து, சுற்றிச் சுழன்ற வேரை ஓரத்தில் 1 முதல் 2 செ.மீ. சீவிவிட்டு, புதுக் கலவையில் நடுங்கள்.

பழைய மண்ணை வீசத் தேவையில்லை. வேர்களைச் சலித்து நீக்கி, ஈரப்படுத்தி, 15 செ.மீ. உயரத்துக்கு மிகாமல் பரப்பி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களில் காற்றுப் புகாமல் கல் வைத்து, கடும் வெயிலில் 4 முதல் 6 வாரம் விடுங்கள். பிறகு மூன்றில் ஒரு பங்கு புதிய மக்கிய உரமும், இறுக்கத்துக்கேற்பப் பெர்லைட்டும் சேர்த்து மறுபடி பயன்படுத்தலாம். வேரில் மணிமணியாக முடிச்சு இருந்த செடியின் மண் மட்டும் விலக்கு. அது வேரைத் தாக்கும் நூற்புழு என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்புழுவின் வேலை. வெயில் வைப்பு அதை முழுவதும் ஒழிக்காது. அந்த மண்ணைக் காய்கறித் தொட்டிக்கோ தோட்டத்துக்கோ கொண்டுபோகாமல் அப்புறப்படுத்தி, தொட்டியையும் கழுவி வெயிலில் காயவையுங்கள்.