எஃப்சிசி கேட்டலிஸ்ட்டில் உலோகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஃப்சிசி என்பது கனமான எண்ணெயை உடைத்துப் பெட்ரோல் போன்றவை ஆக்கும் யூனிட். அதற்குள் சுற்றும் வினையூக்கித் தூள்தான் ஈ-கேட்; ஃபீடோடு வரும் உலோகம் அதில் படிகிறது. கோலாலம்பூர் அலுவலகத்தில் உட்கார்ந்து ரிஃபைனரியின் ஈ-கேட் ரிப்போர்ட்டைப் படிக்கும் புதுப் பொறியாளர்கள் வருடா வருடம் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். மாதிரி பாட்டிலில் லேபிளை மாற்றி ஒட்டுவதையெல்லாம் திட்டு வாங்கித் திருத்திக்கொள்வார்கள், அவற்றை விடுவோம்.

நிக்கலையும் வனேடியத்தையும் ஒரே கணக்கில் சேர்ப்பது

'நிக்கலோடு வனேடியத்தில் கால் பங்கு' என்ற சமான நிக்கல் சூத்திரம், ஹைட்ரஜனும் கோக்கும் (துகளில் படியும் கரி) எவ்வளவு கூடும் என்று மதிப்பிடத்தான். அதையே கேட்டலிஸ்ட்டின் ஆயுள் கணக்காக்கி, எண் ஏறியதும் ஆன்டிமொனி பம்ப்பைத் திருகிவிடுவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. ஆன்டிமொனி அடக்குவது நிக்கலை. அளவுக்கு மிஞ்சினால் கேட்டலிஸ்ட்டில் ஒட்டாமல் ஸ்லரியோடு (அடியில் எடுக்கும் கனமான எண்ணெய்) போய்விடும். காசு போனது போனதுதான். வனேடியம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

நிக்கல் விழுந்த துகளிலேயே கிடக்கும். வனேடியம் அப்படி இல்லை. ரீஜெனரேட்டரில் (கோக்கை எரித்துத் துகளைப் புதுப்பிக்கும் கலம்) 700 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு, மிகை ஆக்சிஜன், நீராவி மூன்றும் சேர்ந்தால் பென்டாக்சைடாகி, துகளுக்குத் துகள் தாவி, கேட்டலிஸ்ட்டின் வினை செய்யும் பகுதியான ஜியோலைட்டின் கட்டமைப்பையே உடைக்கும். உடைந்தது மீளாது.

உலர் வாயுவில் ஹைட்ரஜன்–மீத்தேன் விகிதம் ஏறி, வெட் கேஸ் கம்ப்ரெசர் (வரும் வாயுவை அழுத்தும் இயந்திரம்) திணறினால் நிக்கலைப் பாருங்கள். அந்த விகிதம் பெரிதாக அசையாமல் ஜியோலைட் பரப்பும் மேட் ஆக்டிவிட்டியும் (சோதனைக் கூடத்தில் அளக்கும் வினைத்திறன்) இறங்கினால் முதல் சந்தேகம் வனேடியம் மேல். அதற்கு வழி வேறு: வனேடியத்தைப் பிடித்து வைக்கும் ட்ராப், புதுக் கேட்டலிஸ்ட்டைக் கூட்டுவது, ஆஃப்டர்பர்ன் (ரீஜெனரேட்டரின் மேல்பகுதியில் கார்பன் மோனாக்சைடு எரிவது) வராத அளவில் மிகை ஆக்சிஜனைக் குறைப்பது.

ஒரே வாரத்தில் தீர்ப்பு எழுதுவது

"புதுக் கச்சா ஏற்றி ஏழு நாளாச்சு சார், ஒன்னும் ஆகல" என்பார்கள். தே தாரிக் டீ ஆறுவதற்குள் போடக்கூடிய கணக்கு இது. நாளைக்கு 10,000 டன் ஃபீடில் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) வனேடியம் கூடினால் 20 கிலோ. தினமும் 10 டன் புதுக் கேட்டலிஸ்ட் போட்டு, அதே அளவு பழையது வெளியேறினால், ஈ-கேட்டில் கடைசியில் ஏறி நிற்கப்போவது 2,000 பிபிஎம். யூனிட்டுக்குள் 300 டன் சுற்றுகிறது என்றால் ஏழாம் நாள் ஏறியிருப்பது 400 சொச்சம்தான். முப்பதாம் நாளில் 1,260. முழுச் சுமை தெரிய மூன்று மாதம் பிடிக்கும்.

இரும்பின் மொத்த அளவைக் கண்டு பதறுவது

புதுக் கேட்டலிஸ்ட்டின் களிமண்ணிலேயே இரும்பு உண்டு. அதைக் கழித்துவிட்டுப் பேசுங்கள். துகளின் மேல்புறத்தில் முடிச்சு விழுந்து, ஏபிடி (தூளின் அடர்த்தி) இறங்கி, பாட்டம்ஸ் (உடையாமல் அடியில் மிஞ்சும் எண்ணெய்) கூடினால் பதறலாம்.

சோடியத்துக்குக் கேட்டலிஸ்ட்டைக் குறைசொல்வது

முதலில் டீசால்ட்டரை (கச்சாவிலிருந்து உப்பை நீக்கும் கருவி) போய்ப் பாருங்கள்.