பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டி வீட்டுக்கு மாத வருமானம்: எந்தக் கவுண்டருக்கு முதலில் போவது?

மலேசியாவில் பெற்றவர்கள் இறந்து பிள்ளைகள் பாட்டி வீட்டுக்கு வந்ததுமே, "வெல்ஃபேருக்குப் போங்க" (சமூக நலத்துறைக்கு) என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். போகலாம், ஆனால் மூன்றாவதாக. முதலில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்), அடுத்து இபிஎஃப் (ஊழியர் சேமநிதி). இவை இரண்டும் இறந்தவர் உழைத்துச் சேர்த்த உரிமை. வெல்ஃபேர் உதவி வீட்டு வருமானத்தைப் பார்த்துத் தருவது.

படி 1: ஃபைல்

பிளாஸ்டிக் உறை கோத்த கிளியர் ஃபைல் ஒன்று வாங்குங்கள். கைப்பேசியில் எடுத்த படம் மட்டும் போதும் என்று கிளம்பாதீர்கள். இறப்புப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பாட்டியின் ஐசி (அடையாள அட்டை), வங்கிக் கணக்குப் புத்தகம் என்று ஒவ்வொன்றிலும் ஐந்து நகல் வையுங்கள்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பேரனின் பிறப்புப் பத்திரத்தில் அம்மா பெயர் இருக்கும், பாட்டி பெயர் இருக்காது. இவர்தான் பாட்டி என்று காட்ட, இறந்துபோன மகளின் பிறப்புப் பத்திரமும் வேண்டும். அது தொலைந்திருந்தால் ஜேபிஎன்னில் (தேசியப் பதிவுத் துறை) பதிவு நகல் எடுக்கலாம். கையில் வந்ததும் எழுத்துக் கூட்டிப் பாருங்கள். ஐசியில் 'லெட்சுமி' ரோமன் எழுத்து 'ஐ'யில் முடிந்து, பழைய பத்திரத்தில் 'ஒய்'யில் முடிந்திருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று பெஸுருஜாயா சும்பா (சத்தியப் பிரமாண ஆணையர்) முன்னிலையில் ஒரு சத்தியப் பிரமாணம் எடுத்து அதே ஃபைலில் வைத்துவிடுங்கள். கவுண்டரில் கேட்ட பிறகு ஓடினால் ஒரு நாள் வேலை போச்சு.

படி 2: சொக்சோ

இறந்தவர் 60 வயதுக்குள், சொக்சோ சந்தா கட்டி வேலை செய்தவரா? அப்படியென்றால் அவர் வீட்டில் மாரடைப்பில் இறந்திருந்தாலும் பென்ஷன் பெனாக்காட் (இறந்தவரின் குடும்பத்துக்கான மாத ஓய்வூதியம்) கேட்கலாம். இறப்பதற்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருந்தால் முழுத் தகுதி. அதற்குக் குறைவாக இருந்தாலும் குறைந்த விகிதத்தில் ஒரு வழி உண்டு, ஆகவே நீங்களாகவே "கிடைக்காது" என்று முடிவு கட்டாதீர்கள். ஐசி எண்ணைக் கொடுத்தால் சந்தாக் கணக்கைக் கவுண்டரிலேயே பார்த்துவிடலாம்.

மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விபத்தில் இறந்திருந்தால் கணக்கே வேறு. அது வேலை விபத்தாகவே கருதப்படும். சார்ந்தோர் உதவித்தொகைக்கு 24 மாதச் சந்தா தேவையில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் என்றாலும் கேட்கலாம். "சாலை விபத்துதானே" என்று குடும்பமே சொல்லிவிடுவதால் இந்த உரிமை கைநழுவுகிறது. போலீஸ் ரிப்போர்ட், வீட்டிலிருந்து வேலையிடம் வரை வரைந்த வழிப்படம், அன்றைய வருகைப் பதிவு, மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். வழக்கமான பாதையை விட்டுச் சொந்த வேலையாக வேறெங்கோ போயிருந்தால் பிரச்சினை வரும். விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும். செய்தாரா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

படி 3: இபிஎஃப்

இறப்பு உதவித்தொகை 2,500 வெள்ளி (ரிங்கிட்). இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்தில் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். சேமிப்புப் பணம் வேறு. அது யாருக்குப் போக வேண்டும் என்று இறந்தவர் பதிந்து வைத்த நியமனம் இருந்தால் சுலபம். நியமிக்கப்பட்ட துணையும் முன்பே இறந்திருந்தால் அந்த நியமனம் செல்லாது, வாரிசுரிமை வழியில்தான் போக வேண்டும். நிலம், வீடு இல்லாமல் அசையும் சொத்து மட்டும் 6 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால் அமானா ராயாவே (சொத்துகளை நிர்வகிக்கும் அரசு நிறுவனம்) பார்த்துக் கொடுக்கும்.

படி 4: வெல்ஃபேர்

ஜேகேஎம் (வெல்ஃபேர் இலாகா) குழந்தை உதவி 2025 பட்ஜெட்டில் உயர்ந்தது. 6 வயது வரை பிள்ளைக்கு 250 வெள்ளி, 7 முதல் 18 வரை 200 வெள்ளி, குடும்பத்துக்கு 1,000 வெள்ளி உச்சம். 4, 9, 13 வயதில் மூன்று பேரப்பிள்ளைகள் என்றால் 650 வெள்ளி. கோலாலம்பூர் பிபிஆர் (அரசின் மலிவு அடுக்குமாடி வீடு) வாடகை 124 வெள்ளியைக் கழித்தால் மீதி 526. இணையத்திலும் விண்ணப்பிக்கலாம், ஆனால் மேலே சொன்ன பெயர்க் குழப்பம் இருந்தால் நேரில் போவதே நல்லது. அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார். வருமானத்தை மறைக்க வேண்டாம். சொக்சோ பணம் வருவதையும் சொல்லிவிடுங்கள். வழி தெரியாவிட்டால் தாலியான் காசே உதவித் தொலைபேசி 15999.

பாதுகாவலர் உரிமை

பாட்டி என்பதாலேயே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட முடியாது. பெரிய தொகை, சொத்து என்று வரும்போது நீதிமன்ற ஆணை கேட்பார்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உயர்நீதிமன்றத்தில் நடக்கும். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் ஜபாத்தான் பந்துவான் குவாமானில் (சட்ட உதவித் துறை) கேளுங்கள்.

வந்த காசை வைப்பது

பிள்ளைகளின் பணத்துக்குத் தனிக் கணக்கு திறங்கள். கூட்டு (சீட்டு) கட்டுவதில் போடவே வேண்டாம். தெரிந்த அக்கா நடத்துவதாக இருந்தாலும் கூட்டு 1971 முதல் இந்நாட்டில் சட்டப்படி தடை. பணம் போனால் கேட்க இடமில்லை. ஆலோங்கிடம் (வட்டி முதலை) பழைய கடன் இருந்தால் ஏடிஎம் அட்டையை அவன் கையில் கொடுத்துவிடாதீர்கள். இட்லி, முறுக்கு வியாபாரத்துக்குக் கைக்காசு வேண்டுமென்றால் சிறுகடன் தரும் தெக்குன், அமானா இக்தியாரில் விசாரியுங்கள். அதுவும் மாத வரவு நிலைத்த பிறகுதான்.

பிற்சேர்க்கை: சொக்சோ பணம் பிள்ளைக்கு 21 வயது ஆனதும் நிற்கும். முதல் பட்டப்படிப்பில் இருந்தால் அது முடியும்வரை நீளும், ஆனால் படிக்கிறார் என்ற கடிதத்தை நீங்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்த வாரமே வாங்கி அந்த ஃபைலில் செருகிவிடுங்கள்.