மின்சாரத்தை விற்காதீர்கள்: ஆற்றல் அறுவடைத் தொழிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அதிர்விலிருந்தும் வெப்பத்திலிருந்தும் சிறிதளவு மின்சாரம் எடுக்கும் கருவியைச் செய்து, மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களைச் சுற்றியுள்ள செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலைகளுக்கு விற்க முனையும் நம் இளைஞர்கள், முதல் சந்திப்பிலேயே மின்கட்டணம் குறையும் என்று சொல்லிவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு இத்தொழிலில் இல்லை. கருவி இடைவிடாமல் 100 மைக்ரோவாட் தந்தாலும், ஒரு யூனிட் சேர ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். போதாக்குறைக்கு, ஆலைகள் நாரையும் கொட்டை ஓட்டையும் கொதிகலனில் எரித்துத் தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே எடுத்துக்கொள்பவை.

இக்கருவியின் வேலை, இயந்திரங்களைக் கண்காணிக்கும் கம்பியில்லா உணரிகளுக்கு மின்சாரம் தருவது. அங்கே உண்மையான போட்டியாளர் பேட்டரிதான். 3.6 வோல்ட், 2.4 ஆம்பியர்-மணி கொண்ட விரலளவு லித்தியம் பேட்டரி ஒன்று, அதே 100 மைக்ரோவாட்டைக் கணக்குப்படி ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தரும். எனவே கை எட்டும் இடத்தில் நம் கருவி தோற்றுவிடும். ஏணி போட்டு, இயந்திரத்தை நிறுத்தி, அனுமதிச் சீட்டு எழுதி பேட்டரி மாற்ற வேண்டிய இடத்தில்தான் வெல்லும். சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்திலிருந்து 2004-இல் கிளைத்த பெர்பெச்சுவம் நிறுவனம், கம்பி இழுக்க முடியாத ரயில் சக்கரத் தாங்கிகளைக் கண்காணிக்கும் தொழிலில் காலூன்றியது. 2021-இல் ஹிட்டாச்சி ரயில் அதை வாங்கிக்கொண்டது.

ஆய்வக மேசையின் அளவீட்டை நம்பி விலை பேசுவது அடுத்த தவறு. ஓர் ஆலையில், பழக்குலைகளை அவிக்கும் கலனின் நீராவிக் குழாயில் நாங்கள் பொருத்திய கருவி முதல் நாள் ஒழுங்காகத்தான் ஓடியது. மூன்றாம் வாரம் கழற்றியபோது, குளிர்விக்கும் அலுமினியத் தகடுகளுக்கிடையே எண்ணெயும் நார்த்தூசியும் கலந்து, நகத்தால் சுரண்டினால் சுருளாக வரும் அளவுக்கு அப்பியிருந்தன. வெப்பமின் கருவிக்குச் சூடு மட்டும் போதாது, இரு பக்கங்களுக்கும் இடையே வெப்ப வேறுபாடு வேண்டும். அந்த அழுக்கு அதைத்தான் தின்றுவிட்டது. அதிர்வுக் கருவியின் கதையும் இதுவே: 50 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்த கருவியை, நிமிடத்துக்கு 1,450 சுற்று சுற்றும் மோட்டாரில் வைத்தால், அதன் சுழல் அதிர்வு 24 ஹெர்ட்ஸ் அளவிலேயே இருப்பதால், பெரிதாக எதுவும் கிடைக்காது.

உணரி தகவல் அனுப்பும் வானொலி அலைவரிசையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுபவர்களும் உண்டு. ஐரோப்பாவுக்கான 868 மெகாஹெர்ட்ஸ் உதிரிகளை மலிவாக வாங்கிக் குவித்த பிறகு, இங்கே இவ்வகைக் கருவிகளுக்கு 919 முதல் 923 மெகாஹெர்ட்ஸ் என்று தெரிந்து, மின்சுற்றுப் பலகையையே மாற்ற நேர்கிறது. மலேசியத் தர நிறுவனமான சிரிமின் சான்றிதழுக்கான செலவையும் காலத்தையும், ஆலை மேலாளரிடம் விலைப்பட்டியல் நீட்டுவதற்கு முன்பே கணக்கில் சேர்த்துவிட வேண்டும்.