செங்காந்தள் வரையலாம்: மஞ்சள் முதலில், சிவப்பு பிறகு

ஐப்பசி மழை இரண்டு தடவை நன்றாகப் பெய்துவிட்டால் போதும், பாபநாசம் பக்கத்து வேலிகளில் செங்காந்தள் எட்டிப் பார்க்கும். தமிழ்நாட்டின் மாநில மலர் என்பது பாடப் புத்தகத்தில். எங்கள் ஆச்சிக்கு அது ‘கண்வலிப்பூ’தான். கிட்டப் போனாலே அதட்டுவாள். அவள் பயந்ததில் நியாயம் இருக்கிறது: கிழங்கு, விதை, இலை எல்லாவற்றிலும் கொல்சிசின் என்ற நஞ்சு உண்டு. வேரைத் தோண்டாமல் ஒரு கொத்தை மட்டும் நறுக்கி வந்து, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உட்காருங்கள். பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால், இந்தப் பூ மேசையில் இருக்கும்வரை அது கூடாது.

தேவையானவை கொஞ்சம்தான். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள, வழவழப்பான ஹாட் பிரஸ் தாள், 6, 4, 1 எண் உருண்டை பிரஷ்கள், ஹெச்பி பென்சில், ஜாமெட்ரி பாக்ஸ் டிவைடர். வாட்டர்கலர் வண்ணத்தில் லெமன் எல்லோ, ஸ்கார்லெட், கிரிம்சன், சாப் கிரீன், அல்ட்ராமரைன்.

படி 1: பூவின் வயதைப் பாருங்கள்

ஒரே கொடியில் மூன்று நிறம் இருக்கும். புதிதாக விரிந்தது பச்சை கலந்த மஞ்சள். நடுவயதில் மேல்பாதி சிவப்பு, கீழ்ப்பாதி மஞ்சள். முதிர்ந்தது முழுச் சிவப்பு. நடுவயதுப் பூவை எடுங்கள். இரண்டு நிறமும் சேரும் இடம்தான் இந்தப் பூவின் அழகு, வரைபவருக்குத் தலைவலியும் அதுதான்.

படி 2: பென்சில்

புதிதாக வரைபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள். பூ மேல்நோக்கி மலர்வதுபோலத் தெரிந்தாலும், காம்பு வளைந்து பூ கீழ்நோக்கித்தான் தொங்குகிறது. ஆறு இதழ்களும் பின்னால் மடங்கி மேலே எழும்புகின்றன. பச்சைச் சூல்பை அடியில் தெரியும். ஆறு மகரந்தக் கம்பிகள் குடைக்கம்பி மாதிரிச் சுற்றிலும் விரிந்திருக்கும். சூல்தண்டு மட்டும் சூல்பையின் நுனியில் சட்டென்று பக்கவாட்டில் ஒடிந்து திரும்பும். அந்த ஒடிவை விட்டுவிட்டால் செங்காந்தள் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

தாவர ஓவியம் என்பதால் அளவு நிஜமாகவே இருக்கட்டும். இதழ் நீளத்தை டிவைடரில் எடுத்துத் தாளில் வையுங்கள். ஒவ்வொரு இதழுக்கும் நடுநரம்பை ஒரே கோடாக முதலில் இழுங்கள். நெளியும் ஓரம் அப்புறம். ஓரத்தைச் சேலைக் கொசுவம்போல நினைத்துக்கொள்ளுங்கள்: கோடு மடிப்புக்குப் பின்னால் போய் மறையும், வேறிடத்தில் வெளியே வரும். மறையும் இடத்தில் கோட்டை நிறுத்துங்கள், இழுத்து ஒட்டவைக்க வேண்டாம். வண்ணத்துக்கு முன்பே ரப்பரால் ஒற்றிக் கோட்டை மெலிதாக்கிவிடுங்கள். வண்ணத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட பென்சில் பிறகு அழியாது.

படி 3: வண்ணம்

என் முதல் பூவில் இதழ் முழுக்கச் சிவப்பைப் பூசிவிட்டு, ஓரத்தில் மஞ்சளை மேலே வைத்தேன். வாட்டர்கலர் அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். கிடைத்தது அழுக்கு ஆரஞ்சு. ஆகவே மஞ்சள்தான் முதலில், இதழ் முழுவதும், மெலிதாக. தாளைச் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு போய் ஈரம் மட்டும் மிஞ்சிய நேரத்தில், ஸ்கார்லெட்டை நுனியில் தொட்டுக் கீழே இறங்க விடுங்கள். மஞ்சள் பாதியில் அதுவே கரைந்து நிற்கும். மழைக்காலத்தில் இதற்கு நிதானமாக நேரம் கிடைக்கும். சித்திரை வெயிலில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் பிரஷ்ஷைத் திருப்புவதற்குள் காய்ந்து கோடு விழுந்துவிடும்.

அடுத்தடுத்த இதழ்களைத் தொடாதீர்கள், ஒன்று விட்டு ஒன்று போடுங்கள். இல்லாவிட்டால் ஈரம் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

நன்றாகக் காய்ந்ததும் இரண்டாம் பூச்சு. 4 எண் பிரஷ்ஷில் கெட்டியான ஸ்கார்லெட், ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் மஞ்சளை விட்டு உள்ளே. அந்த மெல்லிய மஞ்சள் விளிம்புதான் இதழை நெளியவைக்கிறது. மடிப்பின் குழிவுக்குக் கிரிம்சனில் துளி அல்ட்ராமரைன். கறுப்பு வேண்டாம், பூ கருகியதுபோல் ஆகிவிடும்.

அடிப்பகுதியில் பச்சையும் சிவப்பும் தொட்டுக்கொண்டால் பழுப்பாகும். நடுவில் மஞ்சளைக் காவலுக்கு நிறுத்துங்கள்.

படி 4: கம்பிகளும் இலையும்

மகரந்தக் கம்பிகள் பெரும்பாலும் வெள்ளைத் தாளின் மேல்தான் விழும், 1 எண் பிரஷ்ஷில் வெளிர்மஞ்சள் போதும். இலைக்கு சாப் கிரீனில் கொஞ்சம் மஞ்சள். இலை நுனி கொடிச்சுருளாக நீண்டு பக்கத்து வேலிக் கம்பியைப் பிடிக்கும். அதை இலையிலிருந்து தொடங்கி, பிரஷ்ஷை மெல்லத் தூக்கிக்கொண்டே ஒரே இழுப்பில் முடிக்க வேண்டும். வீணான தாளில் பத்துத் தடவை சுழித்துப் பார்த்த பிறகுதான் நான் இன்னமும் நல்ல தாளில் கை வைக்கிறேன்.