எண்ணைப் பார்த்துக் காசு போடுமுன்: மலையகத்தின் சுயாதீன இசைக்கலைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் ஓர் அறைக்குள் ஒலிவாங்கியையும் மடிக்கணினியையும் வைத்துக்கொண்டு சொந்தப் பாட்டைப் பதிவுசெய்யும் இளைஞர்கள் இன்று இருக்கிறார்கள். 2021 பெப்ரவரியில் ஸ்பொட்டிஃபை இசைத் தளம் இலங்கைக்கு வந்த பிறகு, ஒரு விநியோகச் சேவைக்குக் கட்டணம் செலுத்திப் பாட்டை எல்லாத் தளங்களுக்கும் அனுப்பிவிட்டு, அதைத் தம் ஊரிலேயே கேட்கவும் அவர்களால் முடிகிறது. சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. கையில் எஞ்சியிருக்கும் சிறு தொகையை எந்தப் பாட்டுக்கு, எந்த ஊரில், எந்தத் தளத்தில் செலவிடுவது என்பதைக் கண்ணில் முதலில் படும் பெரிய எண்ணே தீர்மானித்துவிடுகிறது. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. முகநூலில் ஐந்து டொலருக்குப் போடும் ஒரு விளம்பரம் ஏறக்குறைய கொழுந்து பறிக்கும் அம்மாவின் ஒரு நாள் அடிப்படைச் சம்பளத்துக்குச் சமம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இக்கட்டுரையை வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வேறு வேறு எண்களைக் கூட்டுவது

ஒரு பாட்டுக்கு யூடியூபில் 12,000, முகநூலில் 30,000, டிக்டொக்கில் 50,000, ஸ்பொட்டிஃபையில் 800 என்று எண்கள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இவற்றைக் கூட்டி, ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர் கேட்டுவிட்டார்கள் என்று அறிவிப்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படிக் கூட்டியவன்தான். இந்த நான்கும் ஒரே பொருளை அளப்பவை அல்ல. ஸ்பொட்டிஃபையில் ஒருவர் குறைந்தது 30 விநாடிகள் கேட்டால்தான் அது ஒரு ஸ்ட்ரீமாகப் பதிவாகும். டிக்டொக்கில் காணொளி ஓடத் தொடங்கிய கணமே ஒரு பார்வை விழுந்துவிடும். யூடியூபின் குறுங்காணொளிப் பகுதியான ஷோர்ட்ஸிலும் 2025 மார்ச் 31 முதல் இதே முறைதான். முன்பு இருந்த கடுமையான கணக்கு, அலைவரிசை உரிமையாளர் பார்க்கும் யூடியூப் ஸ்டூடியோவுக்குள் தனி வரிசையாகக் காட்டப்படுகிறது. விரலால் தள்ளிவிட்டுப் போனவரையும், கொழுந்து மலையிலிருந்து திரும்பி வந்து அமர்ந்து முழுப்பாட்டையும் கேட்டவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தால், அந்த நிறையைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

காசு கொடுத்து வாங்கிய பார்வைகளைக் கழிக்காமல் விடுவதும் இதன் தொடர்ச்சியே. யூடியூபில் தவிர்க்கக்கூடிய விளம்பரமாக ஓடும் பாட்டை ஒருவர் 30 விநாடிகள் பார்த்தால் அதுவும் பொது எண்ணிக்கையில் சேரும். 2019இல் யூடியூப் நிறுவனமே தன் இசைத் தரவரிசையிலிருந்து விளம்பரப் பார்வைகளை நீக்கிவிட்டது. ஸ்டூடியோவில் பார்வைகள் வந்த வழிகளைக் காட்டும் பகுதியில் விளம்பரம் தனியே பிரிந்து நிற்கும். அதைக் கழித்த பிறகு எஞ்சுவதுதான் உங்கள் பாட்டு தானாகச் சம்பாதித்தது.

பரப்புரைக்கு உதவும் எண்கள் பெரும்பாலும் சிறியவை. கேட்டவர்களில் எத்தனை பேர் பாட்டைத் தம் நூலகத்தில் சேமித்தனர், ஒருவர் சராசரியாக எத்தனை முறை கேட்டார், காணொளியின் எந்த இடத்தில் எழுந்து போனார்கள் என்பவையே அவை. ஒரு பாட்டை 3,000 பேர் கேட்டு 45 பேர் சேமித்திருக்க, இன்னொன்றை 400 பேர் மட்டுமே கேட்டு 60 பேர் சேமித்திருந்தால், அடுத்த ஆயிரம் ரூபாயை நான் இரண்டாவது பாட்டுக்கே போடுவேன்.

வரைபடத்தை அப்படியே நம்புவது

எல்லாத் தவறுகளிலும் மலையகக் கலைஞர்களுக்குப் பெரிய இழப்பைத் தருவது இதுதான் என்பது என் கணிப்பு. ஸ்பொட்டிஃபை போன்ற தளங்கள் கலைஞர்களுக்கெனத் தரும் பக்கத்தைத் திறந்தால், கேட்போர் இருக்கும் நகரங்களின் பட்டியல் தெரிகிறது. அதில் கொழும்பு முதலில் நிற்கிறது, நுவரெலியா கீழே எங்கோ கிடக்கிறது, ஹட்டன் இல்லவே இல்லை. உடனே, ஊரில் யாரும் கேட்பதில்லை, கொழும்பில்தான் நமக்கு ஆட்கள் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

நகரத்தின் பெயர் பொதுவாகக் கேட்பவரின் இணைய முகவரியிலிருந்து ஊகிக்கப்படுகிறது. கைப்பேசி டேட்டாவில் இணைபவரின் இணைப்பு, தொலைபேசி நிறுவனத்தின் மைய வாயில் ஒன்றின் ஊடாக வெளியே போவதால், மஸ்கெலியாவில் தோட்டக் குடியிருப்பான லயத்து வாசலில் நின்று கேட்பவரும் கொழும்புக்காரராகப் பதிவாகக்கூடும். மறுபுறம், புறக்கோட்டைக் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்யும் மலையக இளைஞர்கள் உண்மையாகவே கொழும்பில் இருக்கிறார்கள். ஆகவே 'கொழும்பு' என்ற ஒரே சொல்லுக்குள் தலைநகரின் தமிழர்கள், அங்கே வேலைக்குப் போன நம்மவர்கள், போகாமலேயே அங்கே எண்ணப்பட்டவர்கள் என மூன்று கூட்டங்கள் அடங்கியிருக்கின்றன. கடைகளைப் பூட்டிவிட்டு எல்லோரும் ஊருக்கு வரும் தீபாவளி வாரத்தில் கொழும்பின் எண் எப்படி அசைகிறது என்று பார்த்தால் ஓரளவு பிரித்தறியலாம். ஊரெல்லாம் ஆள் நிறைந்திருக்கும் அந்த நாட்களிலும் கொழும்பின் பங்கு சற்றும் குறையவில்லை என்றால், அந்தப் பெயருக்குள் மலைப்பகுதியும் ஒளிந்திருக்கிறது என்று ஐயப்பட இடமுண்டு.

இந்தியாவிலிருந்து வரும் எண்களை இரண்டு விதமாகத் தவறாக வாசிக்கிறார்கள். கோயம்புத்தூரிலோ ஊட்டியிலோ நூறு பேர் கேட்டிருப்பதைப் பார்த்து, நாம் அங்கே விளம்பரமே செய்யவில்லையே, இது போலியாக இருக்கும் என்று தள்ளிவிடுவது ஒன்று. தமிழ்நாடே நம்மை எதிர்பார்த்திருக்கிறது என்று எண்ணி மாநிலம் முழுவதற்கும் விளம்பரம் போட்டு, கடலில் கரைத்த பெருங்காயமாகப் பணத்தைத் தொலைப்பது மற்றொன்று. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. அப்படிப் போனவர்களில் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரி பகுதிகளில் குடியேறினர். இன்றும் அவர்களுக்கு இங்கே உறவினர்கள் உண்டு. தப்பு மேளமும் காமன் கூத்து மெட்டும் கலந்த ஒரு பாட்டு அந்த வீடுகளுக்குப் போய்ச் சேர்வதில் வியப்பில்லை. அந்த எண் சிறிதாக இருந்தாலும் நிலையாக இருந்தால், விளம்பரத்தின் எல்லையை நீலகிரி மாவட்டத்தோடு நிறுத்திப் பாருங்கள். மத்திய கிழக்கிலிருந்து வரும் எண்களும் இப்படிப்பட்டவையாக இருக்கலாம். வீட்டு வேலைக்குப் போன நம் பெண்களா, வேறு தமிழர்களா என்பதைப் பின்னூட்டங்களை வாசித்தே அறிய வேண்டியிருக்கும்.

இன்றைய எண்ணும் பழைய மாதத்துப் பணமும்

தளங்கள் தரும் அன்றாட எண்களும் விநியோகச் சேவை தரும் விற்பனை அறிக்கையும் ஒரே காலத்தைச் சேர்ந்தவை அல்ல. பாட்டு கேட்கப்பட்ட மாதத்துக்கும் அதன் பணம் உங்கள் கணக்கில் தெரியும் மாதத்துக்கும் இடையில் வழக்கமாக இரண்டு மூன்று மாதங்கள் ஓடிவிடும். தைப்பொங்கலுக்கு விளம்பரம் செய்த ஒருவர், பெப்ரவரியில் வந்த அறிக்கையில் உயர்வைக் கண்டு, பொங்கல் விளம்பரம் பலித்துவிட்டது என்று மகிழ்கிறார். அது தீபாவளிக் காலத்துப் பணமாக இருக்கலாம். அறிக்கையில் விற்பனை மாதம், அறிக்கை மாதம் என இரண்டு பத்திகள் இருக்கும். விற்பனை மாதத்தை வைத்தே வரிசைப்படுத்த வேண்டும்.

ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்வளவு என்று நிலையான விலை கிடையாது. கேட்டவரின் நாடு, அங்குள்ள சந்தா விலை, அவர் சந்தா செலுத்துபவரா விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவரா என்பவற்றைப் பொறுத்து அது மாறும். ஆகவே மொத்தத் தொகையை மொத்த எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் விடையை அடுத்த மாதத்துக்கான வருமான மதிப்பீடாகக் கொள்ளக்கூடாது. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பதைப் போல இங்கேயும் விநியோகச் சேவையின் பங்கு, வங்கிக் கட்டணம் என்று கழிவுகள் உண்டு. விளம்பரச் செலவைக் கழிவெல்லாம் போன தொகையோடு ஒப்பிடுங்கள்.

பலர் அறியாத ஒரு விதியும் உண்டு. 2024 தொடக்கத்திலிருந்து ஸ்பொட்டிஃபையில் முந்திய 12 மாதங்களில் குறைந்தது 1,000 ஸ்ட்ரீம்களை எட்டாத பாட்டுக்கு உரிமைத்தொகை கிடையாது. ஐந்து பாடல்கள் தலா 900இல் நின்றால் அங்கிருந்து வரும் பணம் பூச்சியம். அதே உழைப்பை இரண்டு பாடல்களின் மேல் குவித்திருந்தால் இரண்டும் வரம்பைத் தாண்டியிருக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பங்கு வைக்கும் தாய்மனம் இந்த இடத்தில் உதவாது.

நேரடியாகப் பாட்டை விலைக்கு விற்போர் பேண்ட்கேம்ப் தளத்தைப் பயன்படுத்துகிறார்கள். டிஜிட்டல் விற்பனையில் அது 15 வீதத்தை எடுத்துக்கொள்கிறது. பணம் பெரும்பாலும் இணையப் பணச் சேவையான பேபால் ஊடாக வரும் என்பதால், இங்கிருந்து விற்பவர் அதைப் பெறும் வழியை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும். விலை கொடுத்து வாங்கிய பத்துப் பேரின் எண்ணிக்கையை ஸ்ட்ரீம்களோடு கலந்துவிடாதீர்கள். அடுத்த பாட்டு வரும்போது முதலில் அறிவிக்க வேண்டியவர்கள் அந்தப் பத்துப் பேர்தான்.

பெயர் சிதறினால் கணக்கும் சிதறும்

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒரு பாட்டுக்கு ஒரு விதமாகவும் அடுத்ததற்கு வேறு விதமாகவும் எழுதினால், தளங்களில் இரண்டு கலைஞர் பக்கங்கள் தோன்றி, எண்களும் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரே எழுத்துக்கூட்டலை முதல் பாட்டிலேயே தீர்மானித்து, குழுவில் உள்ள எல்லோரும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. எனப்படும், எழுத்துகளும் எண்களுமாக 12 இடங்கள் கொண்ட அடையாளக் குறியீடு உண்டு. விநியோகச் சேவையை மாற்றும்போது பழைய குறியீட்டைக் கொடுக்காமல் புதிதாக வாங்கினால், அதுவரை சேர்ந்த எண்ணிக்கை பழைய பதிவோடு நின்றுபோகும் வாய்ப்புண்டு.

விநியோகச் சேவை அனுப்பும் பாட்டுக்கு யூடியூப் தானாகவே ஒரு தனி அலைவரிசையை உருவாக்குகிறது. உங்கள் சொந்த அலைவரிசையின் எண்களில் அது தெரியாது. அதிகாரபூர்வக் கலைஞர் அலைவரிசையாக இணைத்த பிறகே இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். டிக்டொக்கில் யாரோ ஒருவர் உங்கள் பாட்டைத் தம் கைப்பேசியில் பதிந்து 'சொந்த ஒலி'யாக ஏற்றியிருந்தால், அதைக் கொண்டு ஆயிரம் காணொளிகள் வந்தாலும் உங்கள் அறிக்கையில் அவை ஏறாமல் போகலாம். அவரோடு சண்டை பிடிப்பதைவிட, உரிய ஒலியின் இணைப்பை அனுப்பி அதைப் பயன்படுத்தக் கேட்பதே பயன்தரும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்வது

வெளியீட்டு நாளன்று முகநூல் விளம்பரம், வட்ஸ்அப் குழுக்கள், பஸ் நிலையச் சுவரொட்டி, உள்ளூர் நேர்காணல் எல்லாவற்றையும் ஒரே இணைப்போடு செய்துவிட்டால், எண் உயரும். எதனால் உயர்ந்தது என்பது தெரியாது. ஒவ்வொரு வழிக்கும் ஒரு தனி இணைப்பு, சுவரொட்டிக்கு ஊருக்கு ஒரு கியூ.ஆர். குறியீடு என்று பிரித்துக் கொடுப்பதற்குச் செலவில்லை. ஹட்டன் சுவரொட்டியிலிருந்து 70 பேரும் முகநூல் விளம்பரத்திலிருந்து 9 பேரும் பாட்டுக்குள் நுழைந்திருந்தால், அடுத்த முறை பசைக்கும் காகிதத்துக்கும் காசு போடலாம்.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மலையகத் தமிழர் இங்கே வந்து 200 ஆண்டுகள் ஆனதை 'மலையகம் 200' என்று நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்த வாரங்களில் மலையகத்தைப் பற்றிய பேச்சு எங்கும் இருந்தது. அத்தகைய வாரத்தில் வெளியான பாட்டின் எண்ணை ஒரு மழைக்கால மாதத்தோடு ஒப்பிட்டு, நம் தரம் விழுந்துவிட்டது என்று மனம் சோர்வது பொருளற்றது.

ஸ்ட்ரீம்களை விலைக்கு வாங்குவதைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. கண்டுபிடிக்கப்பட்டால் அவை நீக்கப்படும். 2024 முதல் அப்பட்டமான போலி ஸ்ட்ரீம்களுக்கு ஸ்பொட்டிஃபை விநியோகச் சேவைகளிடம் பாட்டுக்கு இவ்வளவு என்று தண்டம் அறவிடுகிறது, சேவைகள் அதைக் கலைஞரிடமே வசூலிக்கலாம், பாட்டையும் இறக்கிவிடலாம். அதைவிடப் பெரிய கேடு, நகரம், சேமிப்பு வீதம் என்று மேலே சொன்ன கணக்குகள் அத்தனையையும் அந்தப் போலி எண்கள் கெடுத்துவிடுவதுதான்.

எண்ணப்படாத கேட்போர்

மலையகத்தில் ஒரு பாட்டு பரவும் வழிகளில் பல எந்த அறிக்கையிலும் வராதவை. எம்.பி.3 கோப்பாக வட்ஸ்அப்பில் கைமாறுவது, பென்டிரைவில் ஏறி பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஒலிப்பது, தேர்த் திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கியில் போவது எதற்கும் எண்ணிக்கை கிடையாது. "அண்ணே, பொகவந்தலாவ பஸ்ஸுல நம்ம பாட்டுதான் ஓடுது" என்று ஒருவர் அழைத்துச் சொன்னால், மகிழ்ந்துவிட்டு மறந்துவிடுகிறோம். அது ஒரு தரவு. திகதி, இடம், சொன்னவர் யார் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்து, அந்த வாரத்துத் தேடல் எண்களோடு வைத்துப் பார்த்தால், பஸ்ஸில் கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெயரைத் தேடினார்களா என்பது தெரியவரும். தேடவில்லையென்றால், பாட்டின் பெயரே அவர்களுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். ஆகவே சாரதிகளுக்குக் கொடுக்கும் பிரதியின் கோப்புப் பெயரிலும் உள் விவரத்திலும் குழுவின் பெயரையும் பாட்டின் பெயரையும் நிரப்பிக் கொடுங்கள். பல பஸ்களின் இசைப்பெட்டித் திரையில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரிவதால், முதல் பாட்டில் தீர்மானித்த அதே ஆங்கில எழுத்துக்கூட்டலில் அவற்றை எழுதுங்கள்.